12 ஏக்கர் கொறங்காடு: முதிய வெள்வேல் நிற்கிறது, கன்று ஒன்றுகூட இல்லை. என்ன செய்யலாம்?

மூலனூர்க்காரி கேட்கிறார்:

வணக்கம். தாராபுரம் வட்டத்தில், மூலனூருக்குக் கிழக்கே எங்களுக்கு 12 ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. அப்பாரு காலத்திலிருந்தே மேய்ச்சலுக்கு மட்டும் விட்டிருந்த காடு. கிணறும் கிடையாது, போரும் போடவில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, அதாவது முள் கிளுவையை நட்டு வளர்த்த உயிர்வேலி. நடுவிலும் ஒரு வேலி ஓடி இரண்டு துண்டாகப் பிரிக்கிறது. அப்பா இருந்தவரை மயிலைப் பசுக்களும் முப்பது மேச்சேரிச் செம்மறி ஆடுகளும் அதிலேயே மேய்ந்து, அதிலேயே படுத்தன. அவர் காலமான பிறகு அம்மாவால் பார்க்க முடியவில்லை. ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். நான் கோவையில் வேலை பார்க்கிறேன்.

பொங்கலுக்குப் போனபோது காடு முழுக்க நடந்து பார்த்தேன். வெள்வேல் மரங்களை எண்ணினால் 86 வந்தது. எல்லாமே பெரிய மரங்கள். ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்தால் என் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. ஏழு மரங்கள் பட்டுப்போய்ப் பட்டை உரிந்து நிற்கின்றன. முழங்கால் உயரத்திலாவது, இடுப்பு உயரத்திலாவது ஒரு கன்று கண்ணில் படும் என்று தேடினேன், ஒன்றும் இல்லை. குத்தகைக்காரர் வெள்ளாடுதான் நிறைய வைத்திருக்கிறார். கொழுக்கட்டைப் புல் தூரோடு தூராக மொட்டையடிக்கப்பட்டுக் கிடக்கிறது. தெற்கு வேலியில் ஆள் நுழையும் அளவுக்குச் சந்துகள் விழுந்திருக்கின்றன. அதன் ஓரமாகச் சீமைக்கருவேலம் உள்ளே வந்துவிட்டது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அண்ணன் சூரிய மின்சக்தி நிறுவனத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான். சித்தப்பா போர் போட்டுத் தென்னை வைக்கச் சொல்கிறார். மரம் நடும் அறக்கட்டளை ஒன்று, நெருக்கமாக நாற்று நட்டு அடர்வனம் ஆக்கித் தருகிறோம், செலவு எங்களுடையது, ஐந்து ஆண்டுக்கு ஆடு மாடு உள்ளே வரக்கூடாது என்கிறது. மரத்துக்கு நல்லது என்று நினைத்து மூன்றாவது யோசனைக்குத்தான் என் மனம் சாய்கிறது. ஆனால் அம்மா அதைக் கேட்டதும், "அப்புறம் அது கொறங்காடு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வெள்வேல் தானாகவே மறுபடி கன்று விடுமா? மேய்ச்சலை நிறுத்தினால்தான் விடுமா? நாற்று வாங்கி நட வேண்டுமா? இப்படிப்பட்ட காட்டுக்கு அரசுச் சட்டத்தில் ஏதாவது பாதுகாப்பு உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


உலர்களம்:

வெள்ளகோவில் பக்கம் தேங்காய்ப் பருப்பு உலர்களம் வைத்திருக்கிறேன். களம் இருக்கும் இடமும் ஒரு காலத்தில் கொறங்காடுதான். அதனால் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன்.

காட்டைக் காப்பாற்றுவது என்றால் தினமும் காலையில் படலைத் திறந்து, சாயங்காலம் அடைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? நீங்கள் கோவையில், அண்ணன் எங்கேயோ, அம்மாவுக்கு வயதாகிவிட்டது. ஆடு மேய்க்க ஆள் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பின்னலாடைக் கம்பெனி பஸ் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும்போது எந்தப் பையன் வெயிலில் ஆட்டின் பின்னால் நடப்பான்?

அண்ணன் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்றைப் பாருங்கள்: எத்தனை ஆண்டு (25 ஆண்டுக்குக் குறைந்து யாரும் கேட்க மாட்டார்கள்), நிலத்தைக் காட்டி அவர்கள் வங்கியில் கடன் வாங்க உங்கள் பத்திரம் இடம் தருகிறதா, காலம் முடிந்ததும் கான்கிரீட் தூண்களைப் பிடுங்குவது யார் செலவு. தென்னை மட்டும் வேண்டாம். ஆயிரம் அடிக்குக் கீழே போயும் தண்ணீர் வராத போர்கள் எங்கள் பக்கமே நிறைய.


இட்டேரி:

அம்மணி, உங்கள் அம்மா ஒரு வாக்கியத்தில் சொன்னதைத்தான் நான் இழுத்து எழுதப்போகிறேன்.

கொறங்காடு என்பது மனிதன் விட்டுவிட்டதால் தானாக உண்டான காடு இல்லை. வேலி, புல், மரம், கால்நடை ஆகிய நான்கும் சேர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிற ஏற்பாடு. மழை ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மண்ணோ சரளை. இந்த மண்ணில் உழுது பிழைக்க முடியாது என்று தெரிந்த தலைமுறைகள், உழாமல் பிழைக்கக் கண்டுபிடித்த வழி இது. காங்கயம் மாடு இந்த ஊர்களில் உருவானதற்கும் இந்தக் காடுகளே அடிப்படை. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், சரிதான். அந்த மாடு எதைத் தின்று வளர்ந்தது என்று எழுதுபவர்கள்தான் குறைவு. 2017 தையில் மெரினாவில் காளைக்காகக் கூடிய கூட்டத்தைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். அதற்குப் பிறகு காளை வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் கன்று கேட்டு வந்தவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தமாக மேய்ச்சல் காடு இருந்தது என்று கேட்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. மேய்ச்சலை அடியோடு நிறுத்தினால் வெள்வேல் கன்று வரும், உண்மை. கூடவே சீமைக்கருவேலமும் வரும், அது முந்திக்கொள்ளும். புல் முற்றிக் காய்ந்து, தூர் நடுவில் செத்து, கோடையில் யாராவது பீடித் துண்டைப் போட்டால் காடு முழுக்க எரியும். மறுபக்கம், இப்போது நடப்பது போல் வெள்ளாட்டை ஆண்டு முழுக்க விட்டால் முளைக்கிற எந்தக் கன்றும் இரண்டாவது இலை விடாது. செம்மறி குனிந்து புல் தின்னும். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி நின்று நுனி தேடும். இரண்டும் ஆடு என்று ஒரே கணக்கில் எழுதும் குத்தகைக்காரரை நம்பாதீர்கள்.

வெள்வேலுக்கு ஆடு எதிரியும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் புல் காய்ந்து ஒன்றும் இல்லாத காலத்தில் வேலங்காய் உதிர்கிறது. ஆடு அதை ஓடி ஓடிப் பொறுக்கித் தின்னும். விதையின் தோல் கல்லாக இருக்கும். அப்படியே ஊன்றினால் எளிதில் முளைக்காது. ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்த விதைக்குத் தோல் இளகியிருக்கும். ஆகவே நாற்று வாங்க எங்கும் போக வேண்டாம். வேலங்காய்க் காலத்தில் பட்டியைக் கூட்டும்போது புழுக்கையோடு சேர்ந்து வருகிற விதையை ஒரு முறத்தில் எடுத்துப் புடைத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிய, தட்டையான, பழுப்பு விதை. ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கியதும், மரம் பட்டுப்போன இடங்களுக்கு அருகில், விரல் நுனி ஆழத்தில் மூன்று நான்கு விதைகளாக நேரடியாக ஊன்றுங்கள். பையில் வளர்த்த நாற்று வேண்டாம் என்பேன். ஆணிவேர் பைக்குள் சுருண்டுகொண்டால் நம் சரளை மண்ணில் கோடையைத் தாண்டாது.

ஊன்றிய இடத்தைச் சுற்றி முள் வளைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வேலியைக் கழித்து ஒதுக்கும்போது விழுகிற கிளுவை முள்ளையும் மரத்தில் கழிக்கிற வேலங்கொத்தையும் தூக்கி எறியாமல், அடிப்பகுதி வெளிப்புறம் பார்க்க, நுனி உள்ளே பின்னிக்கொள்ள வட்டமாக அடுக்க வேண்டும். நுனியை வெளியே வைத்து அடுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடு நுனியில் கொம்பை மாட்டி இழுத்தால் மொத்தமும் கூடவே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய முள் போட வேண்டும். தலை ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போனதும் முள்ளை எடுத்துவிடலாம். ஆண்டுக்குப் பத்து இடம் செய்தால் போதும். ஒரே ஆண்டில் எல்லாம் நட்டால் எல்லாம் ஒரே வயது மரமாகி, இன்றைக்கு உங்கள் காட்டில் நடப்பதே உங்கள் பேத்தி காலத்திலும் நடக்கும்.

இடைவெளி: இரண்டு மரத்தின் குடைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. வெள்வேலின் நிழல் மெல்லிய நிழல். அதன் அடியில் புல் நன்றாகவே வரும். வெயில் நேரத்தில் மாடு அங்கே படுத்துச் சாணம் போடுவதால் அந்த இடத்தில் மண்ணும் கறுத்திருக்கும், புல்லும் தடித்திருக்கும். நெருக்கி நட்டால் அந்த நிழலே புல்லைக் கொன்றுவிடும். அறக்கட்டளைக்காரர்களுக்கு நன்றி சொல்லி வேறு இடம் காட்டி அனுப்புங்கள். புல்லைப் பார்த்து "வெற்று நிலம்" என்று சொல்பவரிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை.

புல்லுக்கு: நடு வேலி இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். முடிந்தால் நான்கு துண்டாக்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு துண்டை, மழை தொடங்கியது முதல் கதிர் முற்றி விதை உதிரும்வரை, திறக்கவே கூடாது. மற்றத் துண்டுகளில் ஆடு மேய்ந்து புல் நான்கு விரல் உயரத்துக்குக் குறைந்ததும் ஆட்டை அடுத்த துண்டுக்கு மாற்ற வேண்டும். கொழுக்கட்டை விதை உதிர்ந்தவுடன் முளைக்காது. பல மாதம் உறங்கும். அடுத்த மழைக்குத்தான் பலன் தெரியும், பதற வேண்டாம். அங்கங்கே அறவே அழிந்த இடத்துக்கு ஏக்கருக்கு இரண்டரை, மூன்று கிலோ விதை வாங்கித் தூவலாம். பஞ்சு போலப் பறக்கும், ஈர மணலில் பிசைந்து தூவுங்கள். மூடாதீர்கள், முள்கொத்தை இழுத்துவிட்டால் போதும். எங்கள் அய்யன் சில ஆண்டுக்கு ஒரு முறை ஒரு துண்டை உழுது சோளமும் கொள்ளும் விதைத்துவிடுவார். தட்டு அறுத்த பிறகு புல் தானாகத் திரும்பி வந்து, முன்னைவிடச் செழிப்பாக நிற்கும். மண்ணுக்குள் விதை இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். உங்கள் காட்டுக்கு இப்போது வேண்டாம்.

உலர்களத்துக்காரர் கேட்ட கேள்வி நியாயமானது. ஆள் யார்? பதில்: நல்ல வேலி. கிளுவை வேலி சந்தில்லாமல் இருந்தால் கொறங்காட்டுக்கு மேய்ப்பனே தேவையில்லை. அதற்காகத்தானே வேலியே போட்டார்கள்? காலையில் விட்டுப் படலைச் சாத்தினால் சாயங்காலம் எண்ணிக்கொண்டு வரலாம். என் வீட்டில் அதை அறுபது வயதுக்கு மேல் ஆனவள்தான் செய்கிறாள். வேலி போனவர்களுக்கு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காதவர்கள் காட்டை விற்கிறார்கள். எனவே முதல் செலவு தெற்கு வேலிக்கு. கிளுவை இலையுதிர்ந்து நிற்கும் காலத்தில் கட்டைவிரலுக்குமேல் தடித்த போத்தாக வெட்டி, சாய்த்து நெருக்கமாக ஊன்றுங்கள். அது பிடிக்கும்வரை முள் அடைத்துச் சமாளிக்க வேண்டும்.


பனங்காடை:

இட்டேரி ஐயா சொன்னதற்குமேல் விவசாயம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பறவை பார்ப்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

பட்டுப்போன ஏழு மரங்களையும் விறகுக்கு விற்றுவிடாதீர்கள். கேட்டு வருவார்கள், சாயப்பட்டறைக் கொதிகலனுக்கு விறகு எப்போதும் தேவை. பட்ட மரத்தின் பொந்தில்தான் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் கொண்டலாத்தியும் கூடு வைக்கும். மூன்றும் தரையில் பூச்சி பிடிக்கிற பறவைகள். அவற்றுக்கு உட்கார உயரமான மொட்டைக் கிளையும், கீழே குட்டையான புல்லும் வேண்டும். அடர்வனத்தில் இந்த இரண்டும் கிடையாது. கௌதாரி முட்டையிடுவது வேலி அடியில், வானம்பாடி முட்டையிடுவது புல் தூருக்குப் பக்கத்தில் தரையில். மரம் அதிகமானால் பறவை அதிகமாகும் என்று பள்ளியில் படித்ததை நானும் நம்பிக்கொண்டு காங்கயம் பக்கம் வந்தவன்தான். இங்கே சரளை மண்ணில் உட்கார்ந்திருக்கும் வானம்பாடியைத் தொலைநோக்கியில் பிடிக்கவே கண் பழக வேண்டும்.

அந்த அறக்கட்டளையினர் மரம் கரிமத்தைச் சேமிக்கும் என்று கணக்கு சொல்லி வற்புறுத்தினால், புல்வெளி தன் கரிமத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குக் கீழே, வேரில் வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள். குழி தோண்டி நடுவதால் முதலில் கலைவது அதுதான்.

இரண்டாவது: கன்று இல்லாமல் முதிர்ந்த மரம் மட்டும் நிற்பது உங்கள் காட்டுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஸ்பெயினில் டெஹேசா என்றும் போர்ச்சுகலில் மொண்டாடோ என்றும் சொல்லப்படும் நிலங்கள் உண்டு. பரந்த புல்வெளி, அங்கங்கே ஓக் மரம், அதன் கொட்டையைத் தின்று கொழுக்கும் கறுப்புப் பன்றி. வேலங்காய்க்கு ஆடு ஓடுவதுபோல. அங்கும் இதே சிக்கலைத்தான் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டாக எழுதிவருகிறார்கள்: இடைவிடாத மேய்ச்சலில் இளங்கன்று தங்குவதில்லை, மேய்ச்சலை விட்டுவிட்ட இடத்தில் புதர் மூடித் தீப்பிடிக்கிறது. அவர்களும் கன்றுக்குக் கூண்டு போடுகிறார்கள். கம்பிக் கூண்டு. முள்வளையம் அதைவிட மலிவு.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிப்படையாகச் சொன்னால், உங்கள் காட்டைக் காக்கும் சட்டம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஊர்ப் பொது நிலங்களில் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை மேய்ச்சல் புறம்போக்குக்கு எடுத்துக்காட்டலாம். கொறங்காடு பட்டா நிலம், அது வேறு. நடைமுறையில் பயிர் இல்லாத பட்டா நிலம் அடங்கலில் (கிராமக் கணக்கின் பயிர்ப் பதிவில்) தரிசாகத்தான் நிற்கிறது. தரிசு என்ற ஒரு சொல் தாளில் ஏறிவிட்டால், சூரிய மின்பலகை வைக்க வருபவர்களுக்கு அது காலி இடம். 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியின் பதிவேட்டில் வெள்வேல், கொழுக்கட்டை, முள் கிளுவை, மேச்சேரி ஆடு ஆகியவை கொறங்காடு என்ற தலைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள். அதனால் நாளைக்கே யாரும் காட்டைக் காப்பாற்றப்போவதில்லை. ஆனால் தாளில் இல்லாத ஒன்றுக்காக யாரும் வாதாட முடியாது.


மூலனூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. இட்டேரி ஐயா எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முள்ளின் அடிப்பகுதி வெளியே பார்க்க வேண்டும் என்ற இடத்தில் தலையாட்டினார். "ஒதுக்கின முள்ளை உங்கப்பா மூணு நாள் வெயிலில் போட்டுத்தான் அடுக்குவார், பச்சையா அடுக்கினா ஆடு இலையை உருவப் பார்க்கும்" என்று ஒரு திருத்தமும் சொன்னார்.

அறக்கட்டளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணனிடம் ஓர் ஆண்டு அவகாசம் கேட்டிருக்கிறேன். கணக்குக் காட்டு என்கிறான். குத்தகைக்காரரிடம் வெள்ளாடு கூடாது என்றதும், அப்படியென்றால் குத்தகையைக் குறைத்துக் கொடு, இல்லையேல் வேறு காடு பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். இன்னொரு குழப்பம்: வேலி ஓரத்தில் சாணம் கிடந்த இடத்தில் உள்ளங்கை உயரத்தில் சில கன்றுகள் முளைத்திருக்கின்றன. அம்மாவுக்குப் பார்வை மங்கல், எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெள்வேலா, சீமைக்கருவேலமா? இரண்டிலும் முள் சோடி சோடியாகத்தான் இருக்கிறது.


இட்டேரி:

முள்ளைப் பார்க்காதீர்கள் அம்மணி, இலையைப் பாருங்கள். ஓர் இலையைக் காம்போடு கிள்ளி உள்ளங்கையில் விரியுங்கள். காம்பின் நுனியில் ஒன்று அல்லது இரண்டு சோடிச் சிறகுகள் மட்டும் பிரிந்து, ஒவ்வொன்றிலும் நீளமான சிற்றிலைகள் இடைவெளி விட்டு நின்றால் அது சீமைக்கருவேலம். காம்பின் இருபுறமும் பல சோடிச் சிறகுகள் அடுக்கடுக்காக ஏறி, சிற்றிலைகள் கண்ணுக்குப் பிடிபடாத அளவு பொடியாக நெருங்கி இருந்தால் வெள்வேல். முளைத்து முதல் சில இலைகளை வைத்து முடிவு கட்ட வேண்டாம், அவை இரண்டிலும் ஏமாற்றும். ஒரு முழம் வரட்டும். பெரிய மரத்தில் குழப்பமே இல்லை. வெள்வேலின் பட்டை வெளிறியிருக்கும். அந்தப் பட்டைக்குச் சாராயம் காய்ச்சுகிறவர்களிடம் இருந்த மதிப்பை நினைத்தால், நம் ஊரில் இத்தனை மரம் மிஞ்சியதே பெரிய காரியம்.

சீமைக்கருவேலம் என்றால் இப்போதே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும். பெரியதை மண்வெட்டியால் வேர்க்கழுத்துக்குக் கீழே வரை தோண்டி எடுக்க வேண்டும். பொக்லைன் விட ஆசைப்படாதீர்கள். ஒரு முள்மரத்துக்காக ஒரு சென்ட் புல்லைப் புரட்டிப் போட்டுவிடும், புரட்டிய இடத்தில் மறுபடி அதுவே முளைக்கும். அதன் காயையும் ஆடு தின்கிறது, சாணத்தில் விதை வருகிறது. வெளியில் சாலையோரம் மேய்ந்துவிட்டு வருகிற ஆட்டை நேரே காட்டுக்குள் விடாமல், சில நாள் பட்டியிலேயே வைத்து வயிறு கழியவிட்டு அப்புறம் விடச் சொல்லுங்கள். குத்தகைக்காரர்கள் இதைக் கேட்கவே மாட்டார்கள், எழுதி வைத்தால் கேட்பார்கள்.

அவர் குத்தகையைக் குறைக்கச் சொல்வதில் தப்பு இல்லை. ஓராண்டுக் குத்தகைக்காரனுக்கு உங்கள் கன்று எதற்கு? பங்குனிக்குள் போட்ட பணத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. ஐந்து ஆண்டுக்குக் கொடுங்கள், தொகையைக் குறைத்துக் கொடுங்கள், செம்மறியும் மாடும் மட்டும், ஒரு துண்டு அடைப்பு, ஆண்டுக்குப் பத்து முள்வளையம், வேலிச் சந்து அடைப்பது அவர் பொறுப்பு. அடுத்த ஆண்டும் தானே மேய்க்கப்போகிறோம் என்று தெரிந்தால் எந்தக் குடியானவனும் புல்லை மொட்டையடிக்க மாட்டான். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அம்மாவோடு ஒரு நடை வாருங்கள். மாடு கட்டியிருப்பவர்களில் பாதிப் பேர் மேய்ச்சல் காடு தேடிக்கொண்டிருப்பவர்கள்தான்.

அண்ணனுக்குக் காட்ட வேண்டிய கணக்கில் குத்தகையை மட்டும் எழுதாதீர்கள். வேலங்காயை மூட்டையாக வாங்கிக்கொள்ள ஆட்டுக்காரர்கள் வருவார்கள். தோட்டத்துக்காரர்கள் எருவுக்காகத் தங்கள் நிலத்தில் ஆட்டுப்பட்டி போடக் காசு தருவார்கள். அந்த வரவில் உங்களுக்கு ஒரு பங்கு கேட்கலாம். இதெல்லாம் சேர்த்தும் சோலார்க்காரன் தருவதற்கு ஈடாகாது, அதை அண்ணனிடம் மறைக்கவும் வேண்டாம். செலவே இல்லாத நிலம், பஞ்ச ஆண்டிலும் ஏதோ கொஞ்சம் தருகிற நிலம், விற்றால் திரும்ப உண்டாக்க முடியாத நிலம். அவன் எடைபோட்டுக்கொள்ளட்டும்.


உலர்களம்:

என் கருத்து மாறவில்லை. ஆனால் இட்டேரி சொன்ன ஐந்து ஆண்டுக் குத்தகைக்குப் போவதானால் ஒன்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஊரில் வழக்கம்போல வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால், சண்டை வரும் நாளில் அந்த ஐந்து ஆண்டுக்கு மதிப்பு இருக்காது. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதா? அப்படியானால் முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றம் செய்யுங்கள். அண்ணனும் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

86 மரங்களையும் எண்ணியாயிற்று அல்லவா? எந்தத் துண்டில் எத்தனை, அதில் பட்டது எத்தனை என்று பத்திரத்தோடு ஓர் அட்டவணையாக இணைத்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் நான்கு மரம் குறைந்தால் கேட்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது.